மறு: தொப்பி நீக்கியும் எம்ஆர்என்ஏ அழியவில்லை, ஏன்?

வணக்கம் தம்பி. மதுவ (ஈஸ்ட்) ஆர்என்ஏயின் தொப்பியை, அதாவது எம்ஆர்என்ஏயின் 5' முனை எனப்படும் தொடக்க முனையை மூடிக் காக்கும் அமைப்பை, டிசிபிஎஸ் நொதியத்தால் நீக்கி, பிறகு ஆர்என்ஏயைச் சிதைக்கும் எக்ஸ்ஆர்என்1 நொதியத்தைப் போட்டதில் ரைபோசோம் ஆர்என்ஏ அழிந்தது, எம்ஆர்என்ஏ (புரதம் செய்யத் தகவல் சுமக்கும் ஆர்என்ஏ) மட்டும் அப்படியே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஐஸ் பெட்டியில் வந்த எக்ஸ்ஆர்என்1 வழியில் பழுதாகிவிட்டதோ என்ற பயத்தை விடுங்கள். ரைபோசோம் ஆர்என்ஏ அழிந்ததே அது நன்றாக இருப்பதற்குச் சாட்சி.

வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் சிக்கல். தொப்பிக்கும் ஆர்என்ஏக்கும் நடுவில் 3 பொசுபேற்றுகள். டிசிபிஎஸ் தொப்பிப் பக்கமாக வெட்டும். ஆர்என்ஏ முனையில் 2 மிஞ்சும். தொப்பி நீக்கும் இன்னொரு நொதியமான டிசிபி2 ஆர்என்ஏ பக்கமாக வெட்டும். 1 தான் மிஞ்சும். எக்ஸ்ஆர்என்1 பிடிப்பது அந்த ஒற்றைப் பொசுபேற்று முனையைத்தான். ரைபோசோம் ஆர்என்ஏக்குப் பெரும்பாலும் அது இயல்பிலேயே உண்டு.

உயிருள்ள மதுவத்திலும் இப்படித்தான். எம்ஆர்என்ஏயின் கடைசியில் உள்ள பொலிஏ வால் குறுகியதும் டிசிபி1 என்ற துணைப் புரதத்தோடு டிசிபி2 தொப்பியை எடுக்கும், எக்ஸ்ஆர்என்1 5' முனையிலிருந்து சிதைக்கும். மறுமுனையிலிருந்து சிதைந்து மிஞ்சும் குட்டித் துண்டுகளின் தொப்பிதான் டிசிபிஎஸ்ஸின் பங்கு. எத்தனை அழகான ஒழுங்கு!

அதனால் டிசிபி2 அல்லது அதேபோல ஒற்றைப் பொசுபேற்றை மிச்சம் வைக்கும் ஆர்பிபிஎச் நொதியத்தை எடுங்கள். இரண்டுக்கும் மகனீசியம் போன்ற உலோக அயன் வேண்டும். ஈடிடிஏ அந்த அயனைப் பிடித்துவைத்துவிடும்; ஆர்என்ஏ ஈடிடிஏ கரைசலில் இருந்தால் முதலில் எதனோலில் வீழ்படிவாக்கிக் கழுவுங்கள். அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க, தொப்பி நீக்காத ஆர்என்ஏ உள்ள ஒரு குழாயையும் கட்டாயம் சேர்த்து ஓட்டுங்கள். நானும் திருகோணமலை உவர்மலைதான், முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.