பையனை சென்னைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போங்க

கேள்வி: அக்கா, நான் பந்தலூர் பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறேன். வீட்டுக்காரருக்கு திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, மாசம் ஒருக்கா வருவார். பையன் 9வது படிக்கறான். போன மாசம் பஸ் ஸ்டாண்டுல பெரிய பசங்க ரெண்டு பேரோட நின்னுட்டு இருந்தப்ப போலீஸ் செக் பண்ணி, இவன் பாக்கெட்ல கூல் லிப், அதான் உதட்டுக்குள்ள அடக்கி வைக்கற புகையிலை, இருந்துச்சுன்னு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் உக்கார வெச்சு, பேரு போன் நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டு என்னை வரச் சொல்லி அனுப்பி வெச்சாங்க. கேஸ் இல்லன்னுதான் சொன்னாங்க. ஆனா எஸ்டேட் லைன் வீடுகள்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்க. சின்ன வயசுல இருந்து போலீஸ் நாய் ஸ்குவாடுல சேருவேன்னு சொல்லிட்டு இருந்தவன் இப்ப காக்கிச் சட்டையைப் பாத்தாலே ஒதுங்கிப் போறான். சென்னைல என் தங்கச்சி இருக்கா, அங்க போலீஸே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சிற்பின்னு கிளாஸ் நடத்தறாங்க, இங்க அனுப்பு திருந்திடுவான்ங்கறா. வயநாட்டுல எங்க சொந்தக்காரப் பொண்ணு ஸ்டூடண்ட் போலீஸ்ல காக்கி போட்டுட்டு பரேடு போறா. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணுமே இல்லையா? ஸ்டேஷன்ல பேரு எழுதினது நாளைக்கு அவன் வேலைக்கு இடைஞ்சல் பண்ணுமா? அனுப்பவா, வேண்டாமா? பேர் போட்டுடாதீங்க அக்கா.

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த பேரு எழுதின விஷயத்தை முடிச்சுடலாம், உங்களை ராத்திரி தூங்க விடாம பண்றது அதுதான்னு லெட்டரைப் படிக்கும்போதே தெரியுது. 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்களுக்குன்னே 2015ல வந்த இளைஞர் நீதிச் சட்டம் இருக்கு. சின்னச் சின்ன குத்தத்துக்கு பிள்ளைங்க மேல எஃப்ஐஆர் போடறதில்ல, லாக்கப்ல வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது, பிள்ளைகிட்ட பேசற போலீஸ்காரர் காக்கி போடாம சாதா டிரஸ்லதான் பேசணும்னு விதி. உங்க பையன் வயசுல ஒரு பிள்ளை நிஜமாவே குத்தம் பண்ணி முடிவாகியிருந்தா கூட அதை வெச்சு பின்னாடி அவனோட தகுதியைப் பறிக்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. இவன் விஷயத்துல கேஸே இல்ல. அதனால லைன்ல யாராவது "இனி இவனுக்கு கவர்மெண்ட் வேலை கனவுதான்"னு சொன்னா நீங்க தலை குனிய வேண்டிய அவசியம் ஒரு துளி கூட இல்ல.

அதே சட்டத்துல 77வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அதை நீங்க மனசுல நல்லா பதிச்சு வெச்சுக்கணும். பிள்ளைங்களுக்கு புகையிலைப் பொருள் கொடுத்தா, கொடுத்தவனுக்கு 7 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை ஃபைன். பள்ளிக்கூடத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள பீடி சிகரெட் கூட விக்கக் கூடாது. அப்புறம் எப்படி ஒரு 14 வயசுப் பையன் கைக்கு இது வந்துச்சு? கேள்வி கேக்க வேண்டியது வித்தவனை. ஸ்டேஷன்ல உக்கார வெச்சது உங்க பையனை. இதை நினைச்சா எனக்கு மனசு கொதிக்குது, ஏன்னா 28 வருஷம் குன்னூர்ல வாத்தியார் வேலை பாத்ததுல இதே கதையை பீடில இருந்து பாக்குக்கு, பாக்குல இருந்து இந்த பாக்கெட்டுக்குன்னு பொருள் மட்டும் மாறி மாறி பாத்துட்டேன், கடைசில அடி வாங்கினது எப்பவும் பையன்தான்.

இப்ப சென்னை விஷயம். உங்க தங்கச்சி சொன்னது பொய் இல்ல. சிற்பிங்கறது சென்னை மாநகரப் போலீஸ் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, 100 பள்ளி, ஒரு பள்ளிக்கு 50 பேர், மொத்தம் 5,000 பிள்ளைங்க. நல்ல திட்டம்தான், ஆனா அது 8வது படிக்கற பிள்ளைங்களை எடுத்து நடத்தறதா ஆரம்பிச்சது. உங்க பையன் 9வது. டிசி வாங்கி, ஊரை விட்டு, மொழியே வேற மாதிரி பேசற பசங்க நடுவுல கொண்டு போய் விட்டதுக்கு அப்புறம், அவன் சேர்ற ஸ்கூல் அந்த 100ல இல்லைன்னோ வகுப்பு தாண்டிட்டான்னோ சொன்னா என்ன பண்ணுவீங்க? அப்பா ஏற்கனவே திருப்பூர்ல. இருக்கற ஒரே ஆள் நீங்க, உங்களை விட்டும் பிரிச்சு அனுப்பினா "நான் தப்பு பண்ணினேன், அதான் தள்ளி விட்டுட்டாங்க"ன்னுதான் அந்த வயசுப் பிள்ளை எடுத்துக்கும். அனுப்ப வேண்டாம். இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

வயநாட்டுப் பொண்ணு போற ஸ்டூடண்ட் போலீஸ் கேடட், கேரளாவுல 2010 ஆகஸ்ட்ல 127 பள்ளில ஆரம்பிச்சது. 8வதும் 9வதும் ரெண்டு வருஷப் பயிற்சி, ஒரு பள்ளிக்கு 44 பிள்ளைங்க, ஸ்கூல் டீச்சரே பொறுப்பு ஆபீசர். 2018 ஜூலைல மத்திய அரசு இதை நாடு முழுக்க கொண்டு வர்றதா அறிவிச்சாங்க. அதனால உங்க பள்ளி அந்த லிஸ்ட்ல இருக்கான்னு ஹெச்எம்கிட்ட கேளுங்க, உங்க பையனுக்கு வயசு தாண்டியிருந்தாலும் அடுத்த பேட்ச் பிள்ளைங்களுக்கு ஆகும்.

ஆனா தங்கச்சி, இந்த திட்டங்களுக்குள்ள உயிரா இருக்கறது என்னன்னு நான் பக்கத்துல இருந்து பாத்ததை சொல்றேன். எங்க ஸ்கூல்ல ஆர்எஸ்பின்னு ஒரு குரூப், அதான் ரோட் சேஃப்டி பேட்ரோல், நான்தான் பொறுப்பு. சனிக்கிழமை தோறும் ஒரு ஏட்டய்யா வருவார். விசில் எப்படி ஊதணும், கையை எந்த உயரத்துல நீட்டணும், கொண்டை ஊசில இறங்கற லாரிக்காரன் கண்ணுக்கு எங்க நின்னா தெரியும்னு ஒவ்வொண்ணா சொல்லித் தருவார். ஜூலை மாசம் மழையும் மேகமும் இறங்கி நாலு மணிக்கே எதிர்ல நிக்கற ஆள் முகம் தெரியாது, அப்ப ஸ்கூல் வளைவுல மஞ்சள் பெல்ட் போட்ட ஒரு பையன் டார்ச்சை ஆட்டிட்டு நிப்பான், பஸ்ஸே அவனுக்கு நிக்கும். அந்தப் பையன் அதுக்கு முந்தின வருஷம் கிளாஸ்ல மூணு பேர் காசைத் திருடினவன். ஏட்டய்யாவுக்கு அதுவும் தெரியும், தெரிஞ்சுதான் டார்ச்சை அவன் கையில குடுத்தார். எல்லாப் பிள்ளைங்க பேரும் அவருக்கு மனப்பாடம், ஒருத்தன் வரலைன்னா "எங்கடா அவன், வீட்ல எதாச்சும் பிரச்சனையா"ன்னு கேப்பார். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆச்சு. அடுத்து வந்தவர் ரெண்டு வாரம் வந்தார், அப்புறம் சீசன் டியூட்டி, விஐபி டியூட்டின்னு நின்னே போச்சு. நான் ரிட்டயர் ஆகும்போது அந்த விசில் எல்லாம் பீரோவுல ஒரு டப்பாவுல கிடந்துச்சு, கயிறு மட்டும் மக்கிப் போயிருந்துச்சு.

சிட்டில நடக்கறதும் இதேதான், பேரு பெருசா இருக்கும். சிறார் மன்றம்னு போலீஸ் நடத்தறாங்களே, சாயங்காலம் டியூஷன், கேரம், புக்குன்னு, அது எந்த ஏரியாவுல நல்லா ஓடுதுன்னு பாத்தா அங்க ஒரு எஸ்ஐயோ ஏட்டோ மனசு வெச்சு உக்காந்திருப்பாங்க. கோயம்புத்தூர் சிட்டி போலீஸ் 2022ல போலீஸ் அக்கான்னு கொண்டு வந்தாங்க, காலேஜுக்கு ஒரு பெண் போலீஸ், பொண்ணுங்க கையில அவங்க போன் நம்பர், அவ்வளவுதான் திட்டமே. பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே பேர் சொல்லிக் கூப்பிட ஒரு போலீஸ் முகம் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க பையனுக்கு வேணும்னு நான் நினைக்கறதும் அது ஒண்ணுதான், அதுக்கு சென்னை போக வேண்டியதில்ல.

அதனால இதைப் பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தை நல காவல் அலுவலர்னு ஒருத்தரை வெச்சிருக்கணும், ஏஎஸ்ஐக்கு குறையாத ஆள், இதுவும் அந்த சட்டத்துல இருக்கறதுதான். ஒரு சனிக்கிழமை லீவு பாத்து காலைல, பையனையும் கூட்டிட்டு ஸ்டேஷன் போய் அவர் யாருன்னு கேளுங்க. அழுதுட்டு போகாதீங்க, கெஞ்சவும் வேண்டாம். "சார், போன மாசம் இவனை கூட்டிட்டு வந்தீங்க, இவன் நல்ல பையன், போலீஸ்ல சேரணும்னு ஆசைப்படறவன், உங்களைப் பாத்து பேச வெச்சுட்டு போலாம்னு வந்தேன்"னு சொல்லுங்க. பையன் முதல் தடவை அந்தப் படி ஏறினது பயந்துட்டு, ரெண்டாவது தடவை அம்மா கையைப் பிடிச்சுட்டு ஏறட்டும். ஒருவேளை அங்க இருக்கறவங்க சரியா முகம் குடுக்கலைன்னா தேவாலா டிஎஸ்பி ஆபீஸ் உங்களுக்கு பக்கம்தான். மாவட்டத்துக்கு ஒரு சிறப்பு சிறார் காவல் பிரிவு இருக்கணும், டிஎஸ்பி தகுதில இருக்கறவர்தான் தலைமை, கூட ரெண்டு சமூகப் பணியாளர், அதுல ஒருத்தர் பெண். அங்க மனு குடுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. "யார் விக்கறா, நீ பாத்து வந்து சொல்லு தம்பி"ன்னு பையன்கிட்ட யாராவது கேட்டா சம்மதிக்காதீங்க. காட்டிக் குடுத்தவன்னு பேர் வாங்கினா அந்தச் சின்ன ஊர்ல அவன் எப்படி நடமாடுவான்? 1993ல ராமநாதபுரத்துல போலீஸ் நண்பர்கள்னு, பொதுமக்கள் போலீஸுக்கு உதவியா இருக்கறதுக்காக நல்ல எண்ணத்தோட ஆரம்பிச்ச அமைப்பு, 2020ல அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல இறந்த சாத்தான்குளம் சம்பவத்துல அவங்க பேரும் அடிபட்டதுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல தடையே பண்ணிட்டாங்க. அவங்க வயசு வந்த ஆளுங்க, அங்கயே அப்படி ஆச்சுன்னா பிள்ளைங்க கையில போலீஸ் வேலையைக் குடுக்கவே கூடாது. கடையைப் பத்தி புகார் குடுக்கறதுன்னா நீங்க நாலஞ்சு அம்மாமார் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எழுதிக் குடுங்க. அந்தக் குழுவுல பெத்தவங்கதான் அதிகம், நீங்க பேசினா பதிவாகும்.

அதே கூட்டத்துலயே இன்னொண்ணும் கேளுங்க, மாசம் ரெண்டு சனிக்கிழமை ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் ஸ்கூலுக்கு வரட்டும்னு. பகல் 11 மணிக்கு, சாயங்காலம் வேண்டவே வேண்டாம். சிட்டில ஆறு மணிக்கு டியூஷன் முடிஞ்சா தெருவிளக்குல வீட்டுக்குப் போயிடுவாங்க, உங்க பக்கம் ஆறு மணிக்கு டீத்தோட்ட ரோட்டுல யானை நிக்குமே. சிட்டில போட்ட டைம்டேபிளை அப்படியே நம்ம மலைக்கு கொண்டு வந்தா முதல் மழைக்கே நின்னுடும், இதை அவங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அங்க குடியிருக்கற நீங்கதான்.

நாய் ஸ்குவாடு ஆசையை விட்டுடாதீங்க. நேரா அதுல சேர முடியாது, அதை பையனுக்கு இப்பவே சொல்லிடுங்க. இரண்டாம் நிலைக் காவலரா சேரணும், ஆயுதப்படைக்குப் போனா, மோப்ப நாய் பிரிவு, வெடிகுண்டு கண்டுபிடிக்கற பிரிவுன்னு விருப்பம் இருக்கறவங்களை எடுப்பாங்க. நாயை குட்டில இருந்தே ஒரு காவலர்கிட்ட குடுத்துடுவாங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பயிற்சி. திருட்டு, கொலை நடந்த இடத்துல மோப்பம் பிடிச்சு ஓடறது வேற நாய், வெடிமருந்து மோப்பம் பிடிக்கறது வேற நாய், கஞ்சா கண்டுபிடிக்கறது இன்னொண்ணு. காவலர் வேலைக்கு 10வது பாஸ், 18 வயசு முடிஞ்சிருக்கணும், பொதுப் பிரிவுக்கு 26 வரை, பிசி, எஸ்சி மாதிரி மத்த பிரிவுக்கு வயசு சலுகை இருக்கு. உயரம் 170 செமீ, எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு 167. 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், கயிறு ஏறணும். எஸ்டேட் மேட்டுல தினம் ஏறி இறங்கற பையனுக்கு அந்த ஓட்டம் வரும், ஆனா கூல் லிப் வெச்சுட்டு மூச்சு நிக்காதுன்னு அவன்கிட்டயே சொல்லுங்க, திட்டறதை விட இது உறைக்கும். எழுத்துத் தேர்வுல தமிழ்ல 40 சதவீதம் எடுத்தாதான் அடுத்த பேப்பரையே திருத்துவாங்க, அதனால தமிழை அலட்சியமா விட்டுட வேண்டாம். பள்ளில என்சிசி இருந்தா உடனே சேத்து விடுங்க, அந்த சர்டிபிகேட்டுக்கு தேர்வுல தனி மார்க் இருக்கு.

கூல் லிப்பை அவன் எத்தனை நாளா வைக்கறான்னு நீங்க எழுதல. பழக்கமா ஆகியிருந்தா அடிச்சு நிறுத்த முடியாது, 1800112356ங்கற நம்பருக்கு கூப்பிட்டா காசில்லாம பேசி வழி சொல்வாங்க, புகையிலையை விடறதுக்குன்னே இருக்கற லைன் அது. வீட்டுக்காரர்கிட்ட மறைக்காதீங்க, ஆனா போன்ல சொல்ல வேண்டாம், அவர் ஊருக்கு வந்ததும் பையன் இல்லாத நேரமா பாத்து சொல்லுங்க.

ஸ்டேஷனுக்குப் போற அன்னிக்கு பையன் வாயே திறக்க மாட்டான், பரவாயில்ல. கடைசில அந்த அலுவலர்கிட்ட "நம்ம மாவட்டத்துல நாய் ஸ்குவாடு எங்க சார் இருக்கு, ஒரு நாள் பாக்க விடுவாங்களா"ன்னு நீங்களே கேட்டு வைங்க. அவர் பதில் சொல்லும்போது பையன் முகத்தை மட்டும் பாத்துட்டு, என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க தங்கச்சி.