பூட்டிய அலமாரியை நம்பித் தலைப்பு வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் பாடத்தில் முதுகலை முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டிலும் தேறியிருக்கிறேன். 1962 சீனப் போரில் நமது படைத்தலைமை எடுத்த முடிவுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். பட்டம் பெற என்னென்ன முடிக்க வேண்டும்? எத்தனை ஆண்டுகள் ஆகும்? – வாசகி, திருச்சி

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள், மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. முதலில் குறைந்தது 12 கிரெடிட் கொண்ட பாடங்களைப் படித்து 55 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். ஆய்வு நெறிமுறை பற்றிய பாடம் இதில் கட்டாயம். பிறகு ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் உங்கள் பணி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதே குழுவின் முன்னிலையில், ஆசிரியர்களும் சக ஆய்வாளர்களும் கேட்க, ஒரு முறை முழுமையாக விளக்க வேண்டும். எழுத்துத் திருட்டுச் சோதனையில் ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். வெளியிலிருந்து குறைந்தது இருவர் ஆய்வேட்டை மதிப்பிட்டு ஏற்ற பிறகே வாய்மொழித் தேர்வு.

இவையெல்லாம் எந்தத் துறைக்கும் பொதுவானவை. ஒழுங்காக உழைப்பவர் கடந்துவிடுவார். உங்கள் துறையில் ஆண்டுகளை விழுங்குவது வேறொன்று, அதாவது ஆவணம். 1962 தோல்வியைப் பற்றி ராணுவமே விசாரித்து எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 1963இல் முடிந்தது. அரசு அதை இன்றுவரை முறைப்படி வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி 2014இல் இணையத்தில் கசிந்தது உண்மைதான், ஆனால் கசிந்த பகுதியை மட்டும் நம்பி ஓர் ஆய்வேட்டை நிறுத்த முடியாது. 25 ஆண்டுகள் கடந்த கோப்புகளை மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021இல் கொள்கை வகுத்திருக்கிறது. இருந்தும் டில்லி ஜன்பத்தில் உள்ள அந்தக் காப்பகத்தில் கோப்பு எண்ணை எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், பல நேரம் அந்தச் சீட்டு ‘என்.டி.’ என்ற இரண்டெழுத்தோடு திரும்பி வரும். கோப்பு இன்னும் காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்பது அதன் பொருள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய பிரிவு 8(1)(அ)வைக் காட்டி மறுக்கலாம்.

ஆகவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். படைத்தலைமையின் முடிவுகளுக்குப் பதிலாக, அந்தப் போரின்போது இந்தியா அமெரிக்காவிடம் கேட்ட உதவியை எடுத்துக்கொண்டால், 1962 நவம்பர் 19 அன்று நேரு கென்னடிக்கு எழுதிய இரண்டு கடிதங்களும், அமெரிக்க அரசு தொகுத்து வெளியிட்ட தூதரக ஆவணங்களும், நமது மக்களவை விவாதங்களும் திறந்தே கிடக்கின்றன. நம் போரைப் பற்றி அறிய அடுத்த நாட்டுக் காப்பகத்தின் கதவைத் தட்டுவது வருத்தமான நிலைதான், ஆனாலும் ஆய்வேடு முடிய வேண்டுமே! பதிவு செய்வதற்கு முன்பே எந்தக் கோப்பு எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல் எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். பாதி இடங்கள் காலியாக இருந்தால் அந்தத் தலைப்பு வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவ அதிகாரிகளுக்கான கல்லூரியில் பயிற்சி பெற்றபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் பெற்றேன். அதை வைத்து முனைவர் பட்டத்தில் சேரலாமா? பணி அனுபவத்தை ஆய்வேட்டில் எழுதலாமா? – வாசகர், வேலூர்

பதில்: சேரலாம். அது முறையான முதுகலைப் பட்டமே. 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் போதும். நெட் இல்லாதவர்கள் பல்கலைக்கழகம் தனியே நுழைவுத் தேர்வு நடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பகுதிநேரமாகச் செய்ய விதிமுறை இடம் தருகிறது. நீங்கள் ஓய்வுபெற்றவர் என்பதால் தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. உதவித்தொகையை எதிர்பார்க்காதீர்கள், அதற்கான வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 30.

இரண்டாவது கேள்விக்கு எச்சரிக்கையோடுதான் பதில் சொல்ல வேண்டும். 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வோடு உங்களை விட்டுவிடுவதில்லை. பதவியால் அறிந்த ரகசியத்தை வெளியிட்டால் ஓய்வுபெற்றவரும் குற்றவாளிதான். முனைவர் பட்ட ஆய்வேடு இணையத்தில் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏற்றப்படும், யாரும் படிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் அனுபவம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கட்டும். பதிலுக்கான சான்று மட்டும் அச்சான, எவரும் சரிபார்க்கக்கூடிய நூல்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் வர வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்பதை மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார்.

கேள்வி: ஆய்விதழில் கட்டுரை வெளியானால்தான் ஆய்வேட்டை வாங்குவார்களா? – வாசகர், மதுரை

பதில்: மானியக் குழுவின் 2016 விதிமுறையில் ஒரு கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயமாக இருந்தன, 2022இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் விதிமுறை நூலை வாங்கிப் பாருங்கள்; மூத்த மாணவர் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதியாக இருக்கலாம்.