ரயில் எஞ்சின்களைப் பேச வைத்த பாதிரியார் யார்? அவை ஏன் பேசின?

அவர் வில்பர்ட் ஆட்ரி (1911–1997), இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபைப் பாதிரியார். 'ரயில்வே வரிசை' என்பது பேசும் எஞ்சின்களைப் பற்றி 1945 முதல் 1972 வரை அவர் எழுதிய 26 சிறு புத்தகங்களின் தொகுப்பு.

எஞ்சின்கள் பேசியதற்கான வேர் அவருடைய சிறுவயதில் இருக்கிறது. அவருடைய தந்தையும் பாதிரியார்தான், ரயில்மீது பற்றுக்கொண்டவர். வில்ட்ஷயரில் பாக்ஸ் என்னும் ஊரில், ஏற்றமான சுரங்கப்பாதைக்கு அருகில் அவர்கள் வாழ்ந்தார்கள். பாரமேற்றிய வண்டியை ஒருவர் முன்னால் இழுக்க, மற்றொருவர் பின்னாலிருந்து தள்ளி மேடேற்றுவதைப்போல, அங்கே சரக்கு ரயில்களுக்குப் பின்னால் துணை எஞ்சின் ஒன்று சேர்ந்து தள்ளும். இரவில் படுக்கையிலிருந்து கேட்ட சிறுவனுக்கு, அந்த இரண்டு நீராவி மூச்சுகளும் ஒன்று "என்னால் முடியாது" என்று அலுத்துக்கொள்ள, மற்றொன்று "உன்னால் முடியும்" என்று தேற்றும் உரையாடலாகவே ஒலித்தன. நீராவி எஞ்சினின் ஓசையில் உண்மையிலேயே ஒரு தாளம் உண்டு என்பதால், இதை வெறும் கற்பனை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தட்டம்மையால் படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்கு அவர் சொன்ன கதைகளே, மனைவி மார்கரெட்டின் தூண்டுதலால் அச்சேறின. பிற்காலத்தில் அவர் வேல்ஸின் டாலிலின் ரயில்பாதையில் தன்னார்வக் கார்டாகவும் பணியாற்றினார்.

பலர் எண்ணுவதுபோல், இந்தக் கதைகளில் மிகவும் புகழ்பெற்ற எஞ்சினான தாமஸ் முதல் புத்தகத்தின் நாயகன் அல்ல; அதில் எட்வர்ட், கார்டன், ஹென்றி ஆகியோரே இருந்தனர், தாமஸ் 1946இல்தான் வந்தான்.