டி கல ஊடகம் இரண்டு நாளில் மஞ்சளாவது

தூண்டிய டி கலங்களை (நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள்) வளர்க்கும் ஊடகத் திரவம் இரண்டே நாளில் மஞ்சளாகிவிட்டது, பற்றீரியாவா, கொழும்பில் கரண்ட் போனதாலா என்று கேட்டிருந்தீர்கள் தங்கச்சி. அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஊடகம் தெளிவாக, கலங்கள் திராட்சைக் குலை மாதிரித் திரண்டிருந்தால் பெரும்பாலும் அது கலங்களின் பசிதான். தூண்டப்பட்ட டி கலம், ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும், குளுக்கோசை மளமளவென்று உடைத்து லக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். ஒரு குளுக்கோசுக்கு, கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.ரி.பி. 2தான் மிஞ்சும், ஆனால் பெருகும் கலத்துக்குக் கட்டுமானப் பொருளும் அந்த வழியில் கிடைக்கிறது. அந்த அமிலம்தான் ஊடகத்தில் உள்ள பீனோல் சிவப்பு என்ற காட்டிச் சாயத்தை மஞ்சளாக்குகிறது. மின்வெட்டில் பழி போடவேண்டாம் (இந்த ஒருமுறை!): கரண்ட் போய் இன்கியூபேட்டரில் (கலம் வளர்க்கும் பெட்டி) காபனீரொட்சைட்டு குறைந்தால் ஊடகத்தின் அமிலத்தன்மை குறைந்து நிறம் ஊதாப் பக்கம்தான் போகும். சரி, இன்றைக்கே கலங்களைப் பிரித்துப் புது ஊடகம் விடுங்கள். குளுக்கோசு தீர்ந்தால் டி கலம் சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற புரதத்தின் உற்பத்தியும் விழும், அப்புறம் அதை அளக்கும் எலைசா சோதனையில் வரும் எண்ணை நம்பமுடியாது.