கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார், பழி மட்டும் என் மேல் விழுகிறது. என்ன செய்வது?

காதலித்துக் கல்யாணம் செய்து நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை, நான் மட்டும் டாக்டரிடம் அலைகிறேன், அவர் வரமாட்டேன் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. அந்தக் கணவனைப் போல நானும் மூன்று வருடம் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ரங்கூன்காரன். பருப்பு மொத்தக் கடையில் கணக்கெழுதும்போது பக்கத்து மேசைக்கு வேலைக்கு வந்தவள்தான் என் மனைவி. பர்மியப் பெண். இங்கே நம் சித்திரைப் பிறப்பும் பர்மியர்களின் திஞ்ஞான் தண்ணீர் விழாவும் சேர்ந்தே வரும். 2015இல் வெள்ளை வேட்டி கட்டிக் காளி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த என் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனாள். ஈர வேட்டியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டு நின்றேன். 2018இல் கல்யாணம். அம்மாவிடம் ரசம் வைக்கவும் தமிழ் பேசவும் கற்றுக்கொண்டாள். என்னை மட்டும் இன்றைக்கும் ‘அகோ’ என்பாள். பர்மியத்தில் அண்ணன் என்று அர்த்தம், கணவனையும் அப்படிக் கூப்பிடுவது இங்கே வழக்கம்.

இரண்டு வருடம் போனதும் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். “வேத்து சனத்துல கட்டினா இப்படித்தான், குலதெய்வக் குத்தம்.” அவளுக்குத் தமிழ் புரியும் என்று தெரிந்தே அவள் எதிரில் பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தைராய்டு, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் அவளே தனியாகப் போனாள். எக்ஸ்ரே எடுத்த அன்று நான் கடையில் இருந்தேன். ராத்திரி வந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். “வலிச்சுதா?” என்றேன். “அகோ வந்திருந்தா கையப் பிடிச்சிருப்பேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் அவளுடைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்துப் படித்தேன். ஒன்றில்கூடக் குறை இல்லை. அதற்குப் பிறகுதான் நான் விந்துப் பரிசோதனைக்குப் போனேன். ஒரு மில்லிலிட்டரில் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு 40 லட்சம். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தது, வெரிகோசீல் என்கிறார்கள். வலி இல்லை, வெளியே தெரியவும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. எல்லா ஆண்களையும் குற்றவாளி ஆக்கவும் வரவில்லை. பெண்ணிடம் காரணம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் சோதனையில் ஊசிகூடக் கிடையாது. அதை முதலிலேயே செய்யாமல் அவளை எக்ஸ்ரே அறைக்குத் தனியே அனுப்பியதை என்னால் மறக்க முடியவில்லை. கோயிலுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பீலிக்கான் அம்மன் கோயில் தீமிதிக்கு நாங்களும் வருடம் தவறாமல் போகிறோம். உங்கள் கணவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அடையாள அட்டையிலேயே இனமும் மதமும் இருக்கும். நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருந்தும் எனக்குப் பள்ளிக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரோ “பர்மாக்காரனுக்கு இவ்வளவு தமிழ் தெரியுதே” என்கிறார். அது பாராட்டு இல்லை. என் பிள்ளையையும் இரண்டு பக்கமும் இப்படிக் கேட்பார்களே என்று இப்போதே மனசு வலிக்கிறது.

போன வருடம் அந்த வெரிகோசீலுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். அணு உருவாகி முதிர இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்த்தார்கள். 1 கோடியே 10 லட்சம். அடுத்த சோதனைக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். பெண் பிறந்தால் மாலா என்று பெயர் வைக்கப்போகிறோம். தமிழிலும் மாலா, பர்மியத்திலும் மாலா. பர்மிய வழக்கப்படி பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில்தான் பெயர் தொடங்கும், ‘ம’ வியாழக்கிழமைக்கு உரியது. வேறு கிழமையில் பிறந்தாலும் மாலாதான் என்று அவளே சொல்லிவிட்டாள்.