செயலியில் 2.40 லட்சம் காட்டுகிறது, வங்கிக் கணக்கோ முடங்கிவிட்டது

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் தம்பி, கிரிக்கெட் மேட்சை ஓசியில் காட்டும் ஒரு தளத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து பெட்டிங் செயலியில் சேர்ந்தான். முதலில் ஜெயித்த 5,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. அந்த நம்பிக்கையில் 85,000 வரை கட்டிவிட்டான். இப்போது 2.40 லட்சம் இருப்பதாகச் செயலி காட்டுகிறது. எடுக்க வேண்டுமானால் 30 சதவீத வரி, அதாவது 72,000 ரூபாய் முதலில் கட்ட வேண்டுமாம். இதற்கிடையில் என் சம்பளக் கணக்கை முடக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டு அந்தப் பணத்தை வாங்க முடியுமா? புகார் கொடுத்தால் தம்பியைப் பிடித்துவிடுவார்களா?

பதில்: முதலில், அந்த 72,000 ரூபாயைத் தயவுசெய்து கட்டாதீர்கள். வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். முன்கூட்டித் தனியாகக் கேட்க மாட்டார்கள். கட்டினால் அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று வருவார்கள்.

அந்த 2.40 லட்சத்தை மறந்துவிடுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது; பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போட முடியாது. போன 85,000 வேறு விஷயம். அது ஏமாற்றி வாங்கிய பணம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் வரும் மோசடிக் குற்றம்.

தம்பியின் பரிவர்த்தனைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களின் பெயருக்குப் பணம் போயிருக்கும். அவை கமிஷனுக்கு வாடகை விட்ட கணக்குகள். உங்களுக்கு வந்த 5,000 ரூபாயும் அப்படி ஒரு கணக்கிலிருந்து வந்திருக்கலாம். உங்களைப் போல ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் போலீஸ் முடக்கச் சொல்லும். அந்த வரிசையில் உங்கள் கணக்கும் சிக்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாளை வங்கிக்குப் போய், எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். விசாரணை அதிகாரிக்கு நடந்ததை விளக்கி, சர்ச்சைக்குரிய 5,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அசையவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

தம்பி விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, விளையாடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் விளையாடியவரைத் தண்டிக்கவில்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை, விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஏமாந்ததாக நேரில் வந்து சொல்லும் மாணவனைப் பிடித்து உள்ளே தள்ளுவதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. பயத்தில் சும்மா இருந்தால்தான், பணம் கைமாறிக் கைமாறிக் காணாமல் போகும். இன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எழுத்துப் புகாரில் எதையும் மறைக்க வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம், கோபத்தில் செயலியை அழித்துவிடாதீர்கள். இருப்புத் தொகை, வரி கேட்ட செய்தி, யூபிஐ எண்கள், அந்த ஓசி தளத்தின் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு நீக்குங்கள். புகார் கொடுத்த பின் 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது கட்டணம் கேட்டு அழைத்தால், அந்த எண்ணையும் அதே புகாரில் சேருங்கள்.