கஸ் ஏன் விக்டரைக் கொன்றார்?

தம்பி, கரண்ட் போன நேரத்தில் காரணத்தைத் தவறவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 'பிரேக்கிங் பேட்' டிவி தொடரின் நான்காம் சீசனின் முதல் எபிசோடில் (2011), போதைப்பொருள் முதலாளி கஸ் தன் ஆளான விக்டரைக் கொன்றதற்குக் காரணம் சொல்வதே இல்லை.

இரண்டு விசயத்தைப் பாருங்கள். கஸ்ஸுக்குப் போதைப்பொருள் சமைத்த கேல் கொலையான வீட்டில் விக்டரை அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டார்கள். அப்புறம், தனக்கும் போதைப்பொருள் சமைக்கத் தெரியும் என்று விக்டர் கேட்காமலே அடுப்பை மூட்டினான். எனக்கு முதலாவதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனால் என்னை உறைய வைத்தது கொலையில்லை, கஸ் உடுப்பு மாற்றுவது. கோட்டைக் கழற்றி, பாதுகாப்பு உடை போட்டு, அவருக்குச் சமைக்கும் வால்ட் புலம்பப் புலம்ப ஒரு வார்த்தை கதைக்காமல் கத்தியை எடுக்கிறார். பிறகு கழுவித் துடைத்து, அதே நேர்த்தியோடு உடுத்திக்கொண்டு, "வேலையைப் பாருங்கள்" என்ற மாதிரி ஒரு வரி. கொழும்பு காலி வீதிக் கடை முதலாளி கல்லாவைப் பூட்டுகிற நிதானம்!

கஸ்ஸின் அடியாள் மைக்கின் முகத்தைக் கவனித்தீர்களா? எதற்கும் அசையாத மனுசன், பதறித் துவக்கை உருவுகிறார். அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வால்ட்டின் கூட்டாளி ஜெஸ்ஸியோ கஸ்ஸை நேருக்கு நேர் முறைக்கிறான். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள்; அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாக.